கோடைப் பயிற்சிக்கு மண்டபம் போகிறேன்: சின்னக் கடல் உயிரிகளைப் படம் எடுக்க என்ன தயார் செய்யணும்?

கோபிப்பொண்ணு

வணக்கங்க. ஊர் கோபி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே கடைசியில் ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு கோடைப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. பாடம் முழுக்க முதுகெலும்பில்லாத சின்னக் கடல் உயிரிகள். விரல் நகத்துக்குள் அடங்குபவை பாதி, கண்ணுக்கே தெரியாதவை மீதி. ஆளுக்கு ஒரு தொகுதியை எடுத்துக்கொண்டு, உயிரோடு கவனித்து, படம் எடுத்து, கடைசியில் குறிப்பேடாக ஒப்படைக்க வேண்டுமாம்.

கையில் மாமா கொடுத்த பழைய நிக்கான், அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு போன். மேக்ரோ லென்ஸ் விலையை அப்பாவிடம் சொன்னதற்கு, "அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு பிடிச்சுடலாம்" என்றார். வாங்கித்தான் ஆகணுமா? தடப்பள்ளி வாய்க்காலில் நீச்சல் பழகியவள் நான், கடலைச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. வேறு என்ன தெரிந்துகொண்டு போகணும் என்றும் சொல்லுங்க.

பனியன்கம்பெனி

அப்பாவை மாடே பிடிக்கச் சொல்லுங்க. லென்ஸ் வேண்டாம்.

பிலிம் காலத்து 50 எம்எம் லென்ஸ் யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும். அதைத் தலைகீழாகக் கேமராவில் மாட்டினால் கிட்டத்தட்ட 1:1 உருப்பெருக்கம் வந்துவிடும், அதாவது உயிரி அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும். அதற்கு ஒரு வளையம் வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் கோவை கணபதிப் பக்கம் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் அளவு கொடுத்தால் கடைந்து தருவார்கள். பழைய லென்ஸில் வெளிச்சம் வரும் துளையைத் திருக லென்ஸ் மேலேயே வளையம் இருக்கும், அதனால்தான் பழையது என்கிறேன். உங்கள் 18-55ஐத் தலைகீழாகப் போட்டால் துளை தானாக மூடிக்கொள்ளும், உள்ளே இருக்கும் நெம்புகோலில் காகிதம் செருகி மல்லுக்கட்ட வேண்டும்.

இன்னொரு வழி ரேநாக்ஸ் 250. லென்ஸ் முன்னால் கவ்விக்கொள்ளும் சின்னக் கண்ணாடி. நீள லென்ஸில் போட்டால்தான் முழுப் பலன்.

ஆனால் படத்தைத் தீர்மானிப்பது வெளிச்சம்தான். 1:1க்கு வந்துவிட்டால் துளையை எஃப்8 என்று வைப்பது எஃப்16 போலத்தான் வேலை செய்யும், அவ்வளவு இருட்டு. கூர்மையாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உயிரியோ ஓர் இடத்தில் நிற்காது. ஆகவே தனி பிளாஷ் ஒன்று அவசியம். அதைக் கேமரா தலைமேல் வைக்காமல் பக்கவாட்டில் பிடித்து, முன்னால் டிரேசிங் பேப்பர் கட்டுங்க. மேலிருந்து அடித்தால் தண்ணீரின் மேல்பரப்புதான் பளபளக்கும், உயிரி தெரியாது.

கறுப்புப் பின்னணி வேண்டுமானால் கண்ணாடித் தட்டை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்து, கீழே கறுப்பு வெல்வெட் விரியுங்க. திருப்பூர்க்காரனாகச் சொல்கிறேன், பனியன் துணியைத் தட்டுக்குள் போட்டுவிடாதீங்க. நூல் உதிர்ந்து மிதக்கும், படத்தில் ஒவ்வொன்றும் புழுவாகத் தெரியும்.

ஈரோட்டு வாத்தியார்

கண்ணு, முதலில் வாழ்த்துகள். நல்ல இடத்துக்குப் போகிறாய்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவித்த கடல் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. பவளம் செத்துக் கரை ஒதுங்கியதாக இருந்தாலும் பையில் போடக் கூடாது. கடல் அட்டையைத் தொடவே வேண்டாம், 2001இலிருந்து தடை. உன் பயிற்சியை நடத்துபவர்கள் எதற்கெல்லாம் அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்.

அங்கே பாம்பனை ஒட்டிக் குருசடைத் தீவு இருக்கிறது. அதன் கரையோர உயிரிகளை மட்டும் வைத்து 1927இலேயே சென்னை அருங்காட்சியகம் ஒரு தொகுப்பு வெளியிட்டது. பாதிப் புழு, பாதி முதுகுநாண் உயிரி என்று நீ பாடத்தில் படித்த பாலனோகிளாசஸ் அந்தத் தீவின் மணலில் கிடைக்கும். எங்கள் காலத்தில் அதைப் புட்டியில் வெளுத்துப்போனதாகத்தான் பார்த்தோம்.

பனியன்கம்பெனி தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் கேமராவை எடுக்கும் முன் உட்கார்ந்து பார். தட்டில் விட்டதும் எந்த உயிரியும் சுருண்டுகொள்ளும், ஒளியும், ஓட்டுக்குள் போய் மூடிக்கொள்ளும். அந்த நிலையில் எடுத்த படம் எதற்கும் உதவாது. அது விரிந்து, தின்ன ஆரம்பித்து, நடக்க ஆரம்பித்த பிறகுதான் உறுப்புகள் தெரியும், உறுப்பு தெரிந்தால்தான் இனம் பிரிக்கலாம்.

நுண்ணோக்கி

எல்லாம் சரிங்க, ஆனால் படம் எடுத்தால் அறிவியல் ஆகிவிடுமா? கடல் புழு ஒன்றின் இனத்தைச் சொல்ல அதன் பக்கக் கால்களில் இருக்கும் முள்மயிரைக் கழற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஆம்பிபாடு (இறால் மாதிரி இருக்கும் சின்ன உயிரி) என்றால் வாயுறுப்பைப் பிரிக்க வேண்டும். நத்தைக்கு நாக்குப் பல். மாதிரியை ஆல்கஹாலில் போடாமல் வெறும் படத்தை வைத்துக்கொண்டு "இது இன்ன இனம்" என்று இணையத்தில் போடுகிறவர்களால்தான் பெயர்கள் எல்லாம் குழம்பிக் கிடக்கின்றன.

பனியன்கம்பெனி

அந்தப் பொண்ணு இரண்டாம் ஆண்டு படிக்கிறது. எடுத்ததும் கொல்லச் சொல்லித்தான் தொடங்கணுமா?

நுண்ணோக்கி

கொல்லச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுதாதே என்கிறேன்.

ஈரோட்டு வாத்தியார்

இரண்டு பேரும் சொல்வது சரிதான், சண்டை வேண்டாம். ஆல்கஹாலில் போட்டால் கடல் நத்தையின் நிறம் போய்விடும், சுருங்கி உருண்டையாகிவிடும். பார்மலினில் போட்டால் உருவம் நிற்கும், மரபணுச் சோதனைக்கு உதவாது. உயிரோடு இருந்தபோது என்ன நிறம், எந்தப் பக்கம் என்ன கோடு என்பது படத்தில் மட்டும்தான் மிஞ்சும். அனுமதி இருந்து மாதிரி எடுத்தாலும் முதலில் படம். புட்டிக்கும் படத்துக்கும் ஒரே எண். அந்த எண்ணைச் சின்னத் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதிப் புட்டிக்கு உள்ளேயே போடு. பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும், வெளியே ஒட்டிய சீட்டு உரிந்துவிடும். எண் இல்லாத புட்டியும் குப்பை, எண் இல்லாத படமும் குப்பை.

மாதிரி எடுக்காத உயிரிக்குக் குடும்பம் வரை எழுதிவிட்டு நிறுத்திக்கொள். அதற்கு யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

பாம்பன்காத்து

நம்ம பக்கம் வர்ற தங்கச்சிக்கு ரெண்டு விஷயம். நான் படிச்சவன் இல்லை, அப்பா காலத்திலிருந்து வல்லம் ஓட்டுகிற குடும்பம்.

மே கடைசி என்றால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பிடித்துவிடும். தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கிக் கிடக்கும், தீவுக்குப் படகு போகுமா என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். அந்த நேரம் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் அலை இருக்காது. மண்டபத்தில் இதுதான் வசதி, ஒரு பக்கம் ஆடினால் மறுபக்கம் அடங்கியிருக்கும். வடகடலில் கரையோரமே கடல்புல் கிடக்கும், இடுப்பளவுத் தண்ணிகூட வேண்டாம்.

எங்க பக்கம் கடல் ரொம்ப வத்தாது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத் படத்தில் காட்டுகிற மாதிரி மைல் கணக்கில் நடக்க முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் நாட்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க, அன்றைக்குத்தான் பாறை கொஞ்சம் வெளியே தெரியும்.

ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. இழுவலையில் வரும் கழிவில் ஏதாவது பொறுக்கலாம் என்று நினைத்து வந்தால் ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த இரண்டு மாதமும் படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பார்கள். ஏற்றிய அன்றைக்கே போனால் அடிப்பலகையில் கொட்டலசு (பார்னக்கிள்), ஆளி, குழல் புழு, பாசி என்று மொத்தக் கூட்டமும் ஈரமாக இருக்கும். சுரண்டித் தள்ளத்தான் போகிறார்கள். படகுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்க, கேட்காமல் கை வைத்தால் கோபம் வரும். மறுநாள் போனால் வெயிலில் காய்ந்து நாற்றம்தான் மிச்சம்.

கூம்பு மாதிரி வழவழப்பான சங்கு உயிரோடு கிடந்தால் கையில் எடுக்கக் கூடாது. அதற்குள் விஷ ஊசி இருக்கு. செருப்பு இல்லாமல் இறங்காதீங்க.

கோபிப்பொண்ணு

அண்ணா, படகு அடியில் பார்க்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பயிற்சி ஆசிரியரிடம் இப்போதே எழுதிக் கேட்கிறேன். போவதற்கு முன் இங்கேயே பழகிப் பார்க்க ஏதாவது வழி உண்டா? கோபியில் கடலுக்கு எங்கே போக?

குளத்துமேடு

பொள்ளாச்சியிலிருந்து. கடல் எதற்கு? உங்க ஊரில் வாய்க்காலும் வயலும் குளமும் கிடக்கிறதே.

ஆகாயத்தாமரை வேர் ஒரு பிடி, கூடவே பாசி கொஞ்சம், அந்தக் குளத்துத் தண்ணீரோடு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஜன்னலோரம் ஓர் இரவு வையுங்க. காலையில் கண்ணாடியில் ஹைட்ரா ஒட்டியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரை சென்டிமீட்டர் நூல், முனையில் சில இழைகள். பாட்டிலைத் தட்டினால் புள்ளியாகச் சுருங்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி நீளும். கடலில் நீங்கள் பார்க்கப்போகும், செடி மாதிரி கொத்தாக வளரும் ஹைட்ராய்டுகளுக்கு இது நெருங்கிய சொந்தம். இது விரியும்வரை காத்திருந்து எடுக்கப் பழகினால் அங்கே கை நடுங்காது.

கூடவே தண்ணீர்ப் பூச்சி டாப்னியா, சைக்ளாப்ஸ் எல்லாம் வரும். ஓடுகிறதைப் பின்தொடர அதுகளை வைத்துப் பழகலாம். முதல் மழைக்குப் பிறகு காய்ந்த குட்டையில் தண்ணீர் தேங்கினால் தேவதை இறால் வரும், மல்லாந்து நீந்தும். அதன் முட்டை வறண்ட மண்ணில் வருஷக்கணக்கில் கிடந்து மழைக்குப் பொரிக்கும்.

காகித நுண்ணோக்கி போல்டுஸ்கோப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்க. மனு பிரகாஷ் என்ற நம்ம நாட்டுக்காரர் அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் உருவாக்கியது. 140 மடங்கு பெரிதாகக் காட்டும், போனை அதன் மேல் ஒட்டிப் படம் எடுக்கலாம்.

சிறுவாணி

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லவில்லை. கடலிலிருந்து வந்ததும் லென்ஸ் முகப்பு, தட்டு எல்லாம் நல்ல தண்ணீரில் கழுவணும். நம்ம பக்கத்து போர் தண்ணியில் கழுவினால் உப்பு போய் சுண்ணாம்புக் கறை வந்து உட்காரும். சிறுவாணித் தண்ணி கிடைக்கிற எங்களுக்குக் கவலை இல்லை (பெருமைதான், விடுங்க). அங்கே ஒரு கேன் ஆர்ஓ தண்ணி வாங்கி வைத்துக்கொள்ளுங்க, அதில் கழுவி, கேமராவைச் சிலிகா ஜெல் பையோடு டப்பாவில் மூடி வைத்தால் போதும்.

நுண்ணோக்கி

சரி, நானும் உருப்படியாக ஒன்று சொல்கிறேன். அடங்காமல் சுருங்கும் உயிரிக்கு மெக்னீசியம் குளோரைடு. படிக உப்பு 75 கிராமை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்தால் ஏறக்குறைய கடல் நீரின் அடர்த்திக்கு ஈடாகும். அதைத் தட்டில் இருக்கும் கடல் நீரோடு சமமாக வரும்வரை சொட்டுச் சொட்டாகச் சேர்க்கணும். நத்தை, புழு, கடல் சாமந்தி எல்லாம் தசை தளர்ந்து விரியும். புதுக் கடல் நீருக்கு மாற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். இறால், நண்டு வகைக்கு இது அவ்வளவாக எடுபடாது, குளிர்ந்த கடல் நீர்தான்.

படம் எடுக்கும்போது தட்டுக்கு அடியில் கிராப் தாளின் ஒரு துண்டை லேமினேட் செய்து வையுங்க. மில்லிமீட்டர்க் கோடு தெரிகிற படம் ஒன்றாவது ஒவ்வோர் உயிரிக்கும் வேண்டும். கறுப்பு வெல்வெட் அழகுக்கு, கிராப் தாள் வேலைக்கு.

பனியன்கம்பெனி

வெல்வெட்டை விடமாட்டேங்க. கண்ணாடி மாதிரி இருக்கிற உயிரிக்குக் கறுப்பு இல்லாமல் விளிம்பே தெரியாது.

கோபிப்பொண்ணு

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். சிக்னல் வந்து வந்து போகிறது.

பாம்பன் அண்ணா சொன்னபடியே தென்கடல் ஆட்டம், தீவுப் பயணம் ரத்து. வடகடல் கடல்புல்லில்தான் வேலை. கணபதியில் கடைந்த வளையம் பிரமாதமாக உட்கார்ந்துவிட்டது.

எனக்குக் கிடைத்த தொகுதி பிரையோசோவா, கூட்டமாக ஒட்டி வாழும் நுண்ணிய உயிரிகள். முதலில் ஏமாற்றமாக இருந்தது. மற்றவர்களுக்குக் கலர் கலராகக் கடல் நத்தை, எனக்குப் புல் இலையில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி ஒரு வெள்ளைத் தீற்றல். வாத்தியார் ஐயா சொன்னாரே என்று தட்டில் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு ஓர் ஓரத்தில் ஒரு பெட்டியின் மூடி திறந்தது, உள்ளிருந்து இழைகள் சேர்ந்த புனல் ஒன்று மேலே வந்து விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் வரிசையாக. ஒவ்வொரு பெட்டியும் அரை மில்லிமீட்டர்தான், அதற்குள் ஓர் உயிர், அதற்கு வாய், குடல் எல்லாம் தனி. பக்கத்து மாணவி மேசையில் கையை ஊன்றினாள், இலை முழுக்க ஒரே நேரத்தில் உள்ளே போய்விட்டது. மறுபடி காத்திருப்பு. இப்போது என் மேசைப் பக்கம் யாரையும் விடுவதில்லை.

அனுபவத்தில் தெரிந்தது: வெயிலில் தட்டை வைக்கவே கூடாது. மே மாத வெயிலில் இரண்டு ஸ்பூன் கடல் நீர் மளமளவென்று சூடேறிவிடுகிறது, உயிரி துவண்டுவிடும். பெரிய பேசினில் கடல் நீர் ஊற்றி அதற்குள் தட்டை மிதக்க விட்டு, அடிக்கடி தண்ணீர் மாற்றுகிறோம். சொட்டு விட இங்க் ஃபில்லர் போதும், பிப்பெட்டுக்கு அடிதடி.

படகு அடியும் பார்த்தோம்! கேட்டதும் படகுக்காரர் தாத்தா தானே சுரண்டிக் கொடுத்தார். கொட்டலசைத் தண்ணீரில் விட்டால் மூடி திறந்து கால்களால் வலை வீசுவதுபோல் துழாவுகிறது. தலையால் ஒட்டிக்கொண்டு காலால் சாப்பிடும் பிராணி என்று ஆசிரியர் சொன்னார். டார்வின் இதன் பின்னால் எட்டு வருஷம் கிடந்தாராம். இரவில் படகுத்துறையிலிருந்து மிதக்கும் நுண்ணுயிரிகளைப் பிடிக்கும் சின்னக் கண் வலை இழுத்து, கண்ணாடிக் குடுவையின் ஒரு மூலையில் டார்ச் அடித்தோம். கொட்டலசுக் குஞ்சுகள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்து மொய்த்துவிட்டன, அங்கிருந்து உறிஞ்சி எடுப்பது சுலபம்.

ஒரு சந்தேகம். ஹைட்ராய்டுக் கொத்தில் ஒரு கடல் சிலந்தி இருந்தது. நாலைந்து மில்லிமீட்டர். உடம்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, கால்தான் முழுக்க. வயிற்றடியில் வெள்ளை உருண்டைகள், முட்டை என்று நினைக்கிறேன். குறிப்பேட்டில் பெண் என்று எழுதலாமா?

நுண்ணோக்கி

எழுதாதே! கடல் சிலந்தியில் முட்டையைச் சுமப்பது ஆண். தலைக்குக் கீழே முட்டை தாங்கும் சின்னக் கால் ஒரு ஜோடி இருக்கும், பெண் இட்ட முட்டையை உருண்டையாகச் சேர்த்து அதில் கோத்து வைத்துக்கொள்ளும்.

ஈரோட்டு வாத்தியார்

கூடவே நடக்கும் கால்களின் தொடைப் பகுதியைப் பார், கண்ணு. பெண்ணாக இருந்தால் முட்டை வளர்வது அங்கேதான், தொடை பருத்து உள்ளே மணிகள் தெரியும். உடம்பில் இடமில்லை என்று குடலும் கால்களுக்குள்தான் ஓடுகிறது, அதையும் முட்டையையும் குழப்பிக்கொள்ளாதே. கீழிருந்து ஒரு படம் வேண்டும். கண்ணாடித் தட்டைத் தூக்கிப் பிடித்து அடியிலிருந்து எடு.

எந்தக் கொத்தில் இருந்தது என்றும் எழுதி வை, அந்த ஹைட்ராய்டின் படமும் சேர்த்து. கடல் சிலந்தி அதைத்தான் உறிஞ்சித் தின்னும்.

பாம்பன்காத்து

தங்கச்சி, நாளை மறுநாள் பௌர்ணமி. காலையில் நல்லா வத்தும். கரையில் ஊதா நிறத்தில் பொத்தான் மாதிரியோ பை மாதிரியோ ஒதுங்கியிருந்தால் கையால் தொடாமல் எடுங்க, அது சொறி (ஜெல்லி மீன் மாதிரி), பட்டால் எரியும்.

கோபிப்பொண்ணு

சரிங்க அண்ணா. ஐயா, அடியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். தலைக்குக் கீழே வளைந்த சின்னக் காலில்தான் உருண்டைகள் கோத்திருக்கின்றன, தொடை மெல்லிசாகத்தான் இருக்கிறது. ஆண் என்று எழுதி, குடும்பப் பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். படங்களை ஊருக்கு வந்ததும் போடுகிறேன், இங்கே இணையம் ஏற்ற மாட்டேன் என்கிறது.

நுண்ணோக்கி

கிராப் தாளோடு எடுத்ததையும் போடு.

பனியன்கம்பெனி

வெல்வெட்டோடு எடுத்ததையும்.